15,000 ரூபாயில் வீட்டு ஹை-ஃபை ஸ்பீக்கர்: நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

மின்னணுப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வருபவர்களின் நிலைமை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. கையில் 15,000 ரூபாய். வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. "ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கர் போட்டால் போதும்" என்கிறார் ஒரு நண்பர். கடைக்காரர் வூஃபர், ட்வீட்டர், ரெடிமேட் கிராஸ்ஓவர் மூன்றையும் ஒரே பையில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும், பாகங்களெல்லாம் சேர்த்துத் தரும் கிட் ஒன்றின் படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. இதற்கிடையில் அப்பா வாங்கிய பழைய ஜோடி பரணில் கிடக்கிறது.

இந்த நான்கில் எதைப் பிடிப்பது? எல்லோரும் மரப்பெட்டியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நல்ல ஆசாரி கிடைத்தால் பெட்டி இரண்டு நாள் வேலை. ஒலி கெடுவது பெரும்பாலும் கிராஸ்ஓவரில். அதாவது தாழ்ந்த ஒலிகளை வூஃபருக்கும் உயர்ந்த ஒலிகளை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் காயில், கெப்பாசிட்டர் சுற்றில். அந்த வேலையை உங்களுக்காக யார் செய்திருக்கிறார் என்று ஒவ்வொரு வழியிலும் கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பணம். ஸ்பீக்கரின் விலையை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் வழக்கமான தவறு. அகலம் 20, உயரம் 35, ஆழம் 25 செ.மீ. அளவில் ஒரு ஜோடிப் பெட்டி செய்ய 0.83 சதுர மீட்டர் பலகை போதும். ஆனால் கடையில் எட்டுக்கு நான்கு அடி முழுப் பலகையாகத்தான் தருவார்கள். அது கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். மிச்சப் பலகைக்கும் பணம் உங்களுடையதுதான். பசை, திருகு, உள்ளே வைக்கும் பஞ்சு, பின்புற டெர்மினல், வயர், பாலிஷ் என்று ஒவ்வொன்றும் சில நூறுகள். என் கணக்குப் புத்தகத்தில் ஸ்பீக்கர்களுக்குப் போனது ஏறக்குறைய பாதிதான். மறுபாதி இப்படிப் போனது.

இரண்டாவது, பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, எவ்வளவு கீழே இறங்க வேண்டும். பேஸ் கித்தாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களை அந்தக் கித்தாருக்காகவே கேட்பவர் என்றால் இது உங்களுக்கு முக்கியம். வீணையும் வாய்ப்பாட்டும்தான் உயிர் என்றால் அவ்வளவு கீழே போகத் தேவையில்லை. ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் அசையும் கூம்பான கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சிறிய ஸ்பீக்கர் தடுமாறுவது இதனால்தான். பி.பி.சி. பொறியாளர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒளிபரப்பு வண்டிகளுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு மானிட்டர் ஸ்பீக்கரை வடிவமைத்தபோது ஆழமான பேஸைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள். உள்ளே ஏறத்தாழ 5 லிட்டர் மட்டுமே கொண்ட மூடிய பெட்டி அது. பேச்சுக்குரலின் தெளிவுக்காக அது இன்றும் மதிக்கப்படுகிறது. எதை விடுவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால் சிறிய பட்ஜெட்டிலும் நல்ல ஸ்பீக்கர் வரும்.

மூன்றாவது, கையில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர். டி.பி.ஏ.3116 சிப் கொண்ட சிறு ஆம்ப்கள் நல்லவை, மலிவானவை. ஆனால் அதை 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட்டுக்கு மேல் சுத்தமான ஒலி வராது; அட்டையில் 50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் அப்படித்தான். சத்தம் 3 டெசிபெல் கூட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வாட் வேண்டும். ஆகவே ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது அதே வாட்டுக்கு அது தரும் சத்தம், 84 டெசிபெல்லா 90 டெசிபெல்லா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

கடைசியாக, ஐந்து வருடம் கழித்து ஒரு ட்வீட்டர் போய்விட்டால் மாற்று கிடைக்குமா என்பதையும் கேட்டுவையுங்கள்.

## முதல் வழி: ஒற்றை ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர்

பெட்டிக்கு ஒரே ஸ்பீக்கர்; தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி எல்லாவற்றையும் அதுவே எழுப்பும். கிராஸ்ஓவர் இல்லை, அதனால் அதில் செய்யும் தவறும் இல்லை. முதல்முறை செய்பவர்களுக்கு நான் இதைச் சொல்லக் காரணம் அதுதான். குரல் ஒரே இடத்திலிருந்து வருவதால் பாடுபவர் எதிரே உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு கிடைக்கும். மூன்று, நான்கு அங்குல ஸ்பீக்கர்களில் ஃபாஸ்டெக்ஸ், மார்க் ஆடியோ, டேங் பேண்ட், டேடன் ஆடியோ ஆகியவை உலகெங்கும் வீட்டில் செய்பவர்களுக்குப் பழக்கமான பெயர்கள்.

குறைகள் இரண்டு. பேஸ் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். அடுத்தது, உயர்ந்த ஒலிகள் கற்றை போல நேரே மட்டும் பாய்வது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 செ.மீ.தான், 8 செ.மீ. கோன் அதைப் பக்கவாட்டில் பரப்ப முடியாது. நடுவில் உட்கார்ந்து கேட்பவருக்குத் தெளிவாக இருக்கும். பக்கத்தில் சோபாவில் இருப்பவருக்கு ஒலி மங்கும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றும் உண்டு. முன்பலகையின் அகலத்தைப் பொறுத்து, ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்விடுகிறது. 20 செ.மீ. பலகைக்கு அந்த எல்லை 575 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாக 6 டெசிபெல் வரை குறையும். கேட்கும்போது குரல் மெலிந்து, முன்னே தள்ளிக்கொண்டு வருவது போலத் தோன்றும். "ஃபுல்ரேஞ்ச் போட்டேன், கூச்சலாக இருக்கிறது" என்று பலர் வருத்தப்படுவது இதைத்தான். 1 முதல் 1.5 மில்லி ஹென்றி காயில் ஒன்றையும் 4.7 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் பக்க இணைப்பாக (பேரலல்) இணைத்து, அந்த ஜோடியை ஸ்பீக்கருக்குத் தொடராகப் போட்டால் 8 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 4 டெசிபெல் சரிசெய்யலாம். பதிலுக்கு அதே அளவு உணர்திறனை இழப்பீர்கள். பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் சுவரே பாதி வேலையைச் செய்துவிடும். முதலில் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

தகவல் தாள் இல்லாத ஸ்பீக்கரை வாங்கவே வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் முன்வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்தில் விரிவாக்கிய அளவுகள்தான் இன்றும் பெட்டி கட்டுவதற்கு அடிப்படை: ஒத்ததிர்வு எண், அதன் தணிப்பு அளவு, ஈடான காற்றுக் கொள்ளளவு. எஃப்.எஸ்., கியூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று தாளில் இருக்கும். இந்த மூன்றும் இல்லாமல் கட்டும் பெட்டி வெறும் ஊகம். கடையில் "ஃபுல்ரேஞ்ச்" என்று எழுதித் தொங்கும் கார் ஸ்பீக்கர்களிலும் டி.வி. மாற்று ஸ்பீக்கர்களிலும் இவை பெரும்பாலும் இருப்பதில்லை.

## இரண்டாம் வழி: அளந்து வெளியிடப்பட்ட வடிவமைப்பு அல்லது கிட்

வேறொருவர் ஸ்பீக்கர்களை வாங்கி, மைக்கால் அளந்து, கிராஸ்ஓவரைப் பலமுறை திருத்தி, பெட்டி வரைபடத்தோடு வெளியிட்டிருப்பார். பால் கார்மொடியின் "ஓவர்நைட் சென்சேஷன்ஸ்" அப்படிப்பட்ட ஒன்று. நான்கு அங்குல வூஃபரும் சிறிய டோம் ட்வீட்டரும் கொண்டது. ஓஹையோ மாநிலத்தின் பார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் விற்கும் "சி-நோட்" முழுக் கிட்டாகவே வருகிறது. இவற்றில் நாம் செய்ய வேண்டியது சொன்னபடி கேட்பது மட்டுமே. ஒலியின் தரத்தை மட்டும் பார்த்தால், புதிதாகச் செய்யும் வழிகளில் நான் இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

பணத்தில்தான் ஏமாற்றம். காந்தம் கனமானது, விமானத்தில் வரும்போது எடைக்கு எடை கட்டணம். அதன்மேல் சுங்கமும் வரியும். அங்கே கிட்டுக்குக் கொடுக்கும் விலையை ரூபாயாக மாற்றி மகிழ்ந்துவிடாதீர்கள். வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள். ஒரு வூஃபர் வழியில் அடிபட்டு வந்தால் திருப்பி அனுப்பும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

இதைத் தவிர்க்க, அமெரிக்க வரைபடத்தை எடுத்துக்கொண்டு உள்ளூரில் கிடைக்கும் வூஃபரைப் பொருத்திவிடலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். அளவு ஒன்றாக இருப்பதால் ஒலி ஒன்றாகிவிடாது. கிராஸ்ஓவர் அந்த ஒரு வூஃபருக்காகவே வெட்டித் தைத்த சட்டை. அதற்குப் பதிலாக, இந்தியச் சந்தையில் கிடைக்கும் பீயர்லெஸ் ஸ்பீக்கர்களையோ இந்தோனேசியாவின் எஸ்.பி. அக்கௌஸ்டிக்ஸையோ கொண்டு அளந்து வெளியிடப்பட்ட வடிவமைப்புகளைத் தேடுங்கள். பாகங்கள் அருகிலேயே கிடைக்கும், பழுதானாலும் மாற்றலாம்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று ஆசாரியிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உள்கொள்ளளவு மாறாமல் ஆழத்தைக் கூட்டி உயரத்தைக் குறைக்கலாம். முன்பலகையின் அகலமும், அதில் ட்வீட்டரும் வூஃபரும் அமரும் இடமும் ஒரு செ.மீ. கூட நகரக் கூடாது. கிராஸ்ஓவரில் காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி, தள்ளித் தள்ளி வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் புகுந்துவிடும்.

## மூன்றாம் வழி: நீங்களே வடிவமைக்கும் இருவழி ஸ்பீக்கர்

அதிகம் பேர் இறங்குவதும் அதிகம் பேர் மனம் நொந்து நிறுத்துவதும் இங்கேதான். நானும் இங்கேதான் தொடங்கினேன். ஆறரை அங்குல வூஃபர், பட்டு டோம் ட்வீட்டர், கடையில் தொங்கிய ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு. பெட்டி அழகாக வந்தது. பாட்டு போட்டதும் பாடகியின் குரல் ஏதோ குடத்துக்குள்ளிருந்து வந்தது. இரண்டு மாதம் வயரை மாற்றினேன், ஆம்ப்பை மாற்றினேன், பஞ்சைக் கூட்டினேன், குறைத்தேன். பிறகு ஒருவரிடம் அளக்கும் மைக்கைக் கடன் வாங்கி அளந்தபோதுதான், 2,000 ஹெர்ட்ஸுக்கும் 3,000 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் ஒலி பள்ளமாக விழுந்திருப்பது தெரிந்தது. ட்வீட்டரின் இரண்டு வயர்களை மாற்றிப் பொருத்தியதும் பள்ளத்தில் பாதி நிரம்பிவிட்டது. இரண்டு மாதக் கவலைக்கு இரண்டு நிமிட வேலை.

ஏன் இப்படி ஆகிறது? 2,000 ஹெர்ட்ஸில் பிரிக்கும் எளிய கிராஸ்ஓவருக்குப் பாடநூல் கணக்கு 0.64 மில்லி ஹென்றி காயில், 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் என்று வரும். அந்தக் கணக்கு, ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையான ஸ்பீக்கர் அப்படி இல்லை. ஒத்ததிர்வு எண்ணில் அதன் மின்தடை மலைபோல உயர்கிறது. மேலே போகப்போக உள்ளே இருக்கும் காயிலால் மறுபடி ஏறுகிறது. ஆகவே போர்டில் "2,000 ஹெர்ட்ஸ்" என்று அச்சிட்டிருப்பது உங்கள் வூஃபருக்குப் பொருந்தாது. ட்வீட்டர் 92 டெசிபெல், வூஃபர் 86 டெசிபெல் என்றால் ரெசிஸ்டர் போட்டு ட்வீட்டரை அடக்கவும் வேண்டும். வூஃபரின் கோன் உள்ளே குழிந்திருப்பதால் அதன் ஒலி ட்வீட்டரைவிடச் சற்றுப் பின்னாலிருந்து கிளம்புகிறது. வித்தியாசம் 2.5 செ.மீ.தான் என்றாலும் 2,500 ஹெர்ட்ஸில் அது 65 பாகை பின்தங்கல். இரண்டும் ஒன்றையொன்று அழிக்க அது உதவிசெய்கிறது.

முறையாகச் செய்ய வழி இருக்கிறது; மென்பொருளுக்குச் செலவும் இல்லை. பெட்டியைக் கணக்கிட வின்.ஐ.எஸ்.டி., அளக்க ஆர்.இ.டபிள்யூ., கிராஸ்ஓவரை வடிவமைக்க விட்யூக்ஸ்கேட், மூன்றும் இலவசம். அளவீட்டுத் திருத்தக் கோப்போடு வரும் மைக் ஒன்றை மட்டும் வாங்க வேண்டும். அறைக்குள் சுவர் எதிரொலி குறுக்கிடுவதால், காற்றில்லாத இரவில் மொட்டை மாடியில், உயரமான ஸ்டூலின் மேல் ஸ்பீக்கரை ஏற்றி நான் அளந்திருக்கிறேன். அந்த இரவுகள் எனக்குக் கொடுத்த மகிழ்ச்சியை வார்த்தையில் சொல்வது கடினம். ஆனால் மைக்கும், சோதனைக்கு வாங்கி ஒதுக்கும் காயில்களும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்தால் முதல் ஜோடி 15,000 ரூபாயில் நிற்காது. மூன்று நான்கு ஜோடி செய்யப் போகிறவருக்கே இந்த வழி கட்டுபடியாகும்.

காயில், கெப்பாசிட்டருக்குப் பதில், ஒலியை எண்களாகக் கையாளும் டி.எஸ்.பி. போர்டையும் நான்கு சேனல் ஆம்ப்பையும் வைத்துக் கணினியிலேயே பிரிப்பது இப்போது எளிதாகிவிட்டது. தவறினால் எண்ணைத் திருத்தினால் போதும், பாகம் வீணாகாது. ட்வீட்டருக்குத் தொடராக ஒரு பாதுகாப்புக் கெப்பாசிட்டரை மட்டும் மறவாமல் போடுங்கள். ஆம்ப்பை ஆன் செய்யும்போது வரும் ஒரு "தடக்" ட்வீட்டரை எரித்துவிடும்.

## நான்காம் வழி: பழைய ஜோடியைப் புதுப்பிப்பது

"நீங்களே செய்வது" என்ற பெருமை இதில் குறைவு என்று நினைத்துப் பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது வருத்தம். நல்ல நிறுவனம் அளந்து செய்த பெட்டியும் கிராஸ்ஓவரும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டே இடத்தில். கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு பத்து, இருபது வருடங்களில் பொடிந்துவிடும். நம் கடலோர ஈரத்தில் இன்னும் சீக்கிரம். கிராஸ்ஓவரில் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் அளவு மாறிவிடும். இரண்டையும் மாற்றலாம்.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். ட்வீட்டர் எரிந்துபோய், அதே மாடல் கிடைக்காவிட்டால் முழு ஜோடியும் பொருந்தாமல் போகும். கோனையே மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் ஸ்பீக்கரின் எடையும் விறைப்பும் மாறி, பழைய அளவுகள் எதுவும் செல்லாது; விளிம்பை மட்டும் மாற்றுங்கள். மழைநீர் ஏறிய துகள்பலகைப் பெட்டி ஊதிவிட்டிருந்தால் விட்டுவிடுவதே நல்லது.

## ஒரே பார்வையில்

| | ஒற்றை ஃபுல்ரேஞ்ச் | வெளியிடப்பட்ட வடிவமைப்பு | சொந்த இருவழி | பழையதைப் புதுப்பித்தல் |
|---|---|---|---|---|
| கிராஸ்ஓவர் வேலை | இல்லை | வடிவமைத்தவர் முடித்துவிட்டார் | முழுக்க உங்களுடையது | நிறுவனம் முடித்துவிட்டது |
| 15,000 ரூபாயில் அடங்குமா | அடங்கும் | உள்ளூர்ப் பாகங்கள் என்றால் அடங்கலாம் | முதல் ஜோடிக்கு அடங்காது | மிச்சமே இருக்கும் |
| மறைந்திருக்கும் செலவு | திருத்தச் சுற்று, பின்னர் சப்வூஃபர் ஆசை | எடைக் கட்டணம், சுங்கம் | மைக், வீணாகும் பாகங்கள், மாதங்கள் | கிடைக்காத ட்வீட்டர் |
| பேஸ் | குறைவு | அளவுக்கு ஏற்ப நன்று | உங்கள் கையில் | பெட்டி பெரிதானால் நன்று |
| மரவேலை | எளிது | துல்லியம் வேண்டும் | துல்லியம் வேண்டும் | இல்லை |
| யாருக்கு | சிறிய அறை, தனியாகக் கேட்பவர், குரல் விரும்பி | ஒருமுறை செய்து நீண்டகாலம் கேட்பவர் | கற்றுக்கொள்வதையே விரும்புபவர் | ஒலி மட்டும் முக்கியம் என்பவர் |

## பெட்டியைப் பற்றிச் சிறிது

முதல் மூன்று வழிகளுக்கும் 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது பிளைவுட். எம்.டி.எஃப். அறுப்பதற்கும் பாலிஷ் போடுவதற்கும் இதமானது. ஆனால் தண்ணீர் பட்டால் ஊதும். முழுப் பலகை 38 கிலோவை நெருங்கும் என்பதால் கடையிலேயே மெஷினில் அளவாக வெட்டி வாங்குவது புத்திசாலித்தனம். கடலோர ஊர்களில் நான் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ்.710 முத்திரையுள்ள பிளைவுட்டையே எடுப்பேன். எதை அறுத்தாலும் முகக்கவசம் அணியுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

பேஸைக் கூட்டப் பெட்டியில் காற்றுக்குழாய் வைக்கும்போது ஒரு இடத்தில் பலரும் சிக்குகிறார்கள். 10 லிட்டர் பெட்டியை 50 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க, 5 செ.மீ. உள்விட்டம் கொண்ட பி.வி.சி. குழாய் 20 செ.மீ. நீளம் வேண்டும். மேலே நான் சொன்ன பெட்டியின் உள்ஆழம் 21.4 செ.மீ.தான், குழாயின் வாய் பின்சுவரில் முட்டிவிடும். 4 செ.மீ. குழாய் என்றால் 12 செ.மீ. நீளம் போதும், ஆனால் சத்தமாக வைத்தால் காற்று சீறும். பெரிய குழாயையே வைத்து, உள்ளே ஒரு எல்போ பொருத்தி மேல்நோக்கித் திருப்புவது என் வழக்கம். இந்தக் கணக்கைப் பலகை வெட்டும் முன் போட்டுவிடுங்கள்.

பரணில் ஒரு ஜோடி இருப்பவர்கள் கடைத்தெருவுக்குக் கிளம்பும் முன் அதை இறக்கி, துணியால் துடையுங்கள். கோனின் விளிம்பை விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் பொடிந்து கையில் ஒட்டினால் கவலை வேண்டாம், அது மாற்றக்கூடியது. பிறகு இரண்டு கைவிரல்களையும் கோனின் இருபுறமும் வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உராயும் சத்தம் கேட்கக் கூடாது. பெட்டியிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை வைத்தால் 8 ஓம் வூஃபர் ஐந்தரையிலிருந்து ஏழு ஓமுக்குள் காட்ட வேண்டும். ட்வீட்டரும் அப்படியே ஓம் காட்டிவிட்டால், ரிச்சி தெருவில் நீங்கள் வாங்க வேண்டியது இரண்டு ஃபோம் வளையமும் நான்கைந்து கெப்பாசிட்டர்களும் மட்டுமே.